பெரிய எண் ஒன்றின் பண்புகளைக் கண்டறிவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பெரிய முழு எண்ணை எடுத்து அதன் பண்புகளை முழுசாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால், எங்கிருந்து தொடங்குவது என்றே முதலில் தெரியாது. பாடப்புத்தகம் 360-ஐயும் 1001-ஐயும் பிரித்துக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளோ நூறு இலக்கத்துக்கு அப்பால் ஆரம்பிக்கின்றன. நடுவில் இருக்கிற ஒன்பது, பதினைந்து, முப்பது இலக்க எண்களோடு மல்லுக்கட்டுகிறவருக்கு வரிசையாகச் சொல்லித்தர ஆள் இல்லை. அந்த வரிசையைப் பிடிக்க நான் நிறையவே சிரமப்பட்டேன். நீங்கள் அதே பாட்டைப் பட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முழுக்க ஒரே எண்ணை வைத்துக்கொண்டு போவோம்: 123456789. கையாலேயே சரிபார்க்க முடிகிற அளவு சின்னது, வழியில் வரும் பொறிகள் எல்லாவற்றையும் காட்டுகிற அளவு பெரியது. பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். வாசித்துக்கொண்டே போட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். எந்தப் பண்பைத் தேடினாலும் பகாக் காரணிகள்தான் முதல் வேலை. அவை கையில் வந்துவிட்டால் மற்றதில் முக்கால்வாசி பெருக்கல் கணக்குதான். அவை தவறாக இருந்தால் பின்னால் வருவது அத்தனையும் தவறு.

1. எண்ணைச் சரியாகப் பதிவு செய்யுங்கள்

அற்பமான வேலை மாதிரி தெரியும். ஆனால் புதியவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான்.

காற்புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் இலக்கங்களாக எழுதுங்கள். இலக்கங்களை எண்ணி, பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். எண்ணை எங்கிருந்து நகலெடுத்தாலும் முதல் மூன்று இலக்கம், கடைசி மூன்று இலக்கம், மொத்த இலக்கங்கள், இலக்கக் கூட்டுத்தொகை ஆகிய நான்கையும் ஒப்பிடுங்கள். நம் எண்ணுக்கு அவை 123, 789, 9, 45.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. விரிதாளில் எண்ணைப் போட்டு வைக்காதீர்கள். பெரும்பாலான விரிதாள் மென்பொருள்கள் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கத்திலிருந்து சத்தமில்லாமல் பூஜ்யம் போட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் வகையிலும் இதே சிக்கல்தான். அங்கே எல்லை 2⁵³, அதாவது 9007199254740992. இதற்கு அடுத்த எண்ணான 9007199254740993-ஐ அதில் கொடுத்துப் பாருங்கள். கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். உண்மையான எண் ஒற்றைப்படை, 3-ஆல் வகுபடும். சேமிக்கப்பட்ட எண்ணோ 2-இன் வெறும் அடுக்கு. நீங்கள் கேட்டது ஒரு எண், கணினி பதில் சொல்வது வேறொரு எண்ணுக்கு. பிழைச்செய்தி எதுவும் வராது.

2. கருவிகளும் செலவும்

பணச் செலவு கிடையாது. தேவையான மென்பொருள்கள் எல்லாமே இலவசம். லினக்ஸ் கணினி என்றால் 'ஃபேக்டர்' என்ற கட்டளை ஏற்கெனவே உள்ளே இருக்கும். பைத்தான் எவ்வளவு பெரிய முழு எண்ணையும் துல்லியமாகக் கையாளும். அதோடு சிம்பை தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் காரணிப்படுத்துதல், பகாச் சோதனை இரண்டும் கிடைக்கும். எண் கணிதத்துக்கென்றே எழுதப்பட்டது பாரி/ஜிபி. புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அளவில் சிறியது, நிறுவ எளிது, வேகமானது. ஸேஜ்மேத் எல்லாவற்றையும் உள்ளடக்கிய பெரிய தொகுப்பு. இடம் நிறையப் பிடிக்கும், ஆரம்பத்தில் அவசியம் இல்லை. நாற்பது இலக்கத்தைத் தாண்டும்போது காரணிப்படுத்தவென்றே எழுதப்பட்ட யாஃபூ, ஜிஎம்பி-ஈசிஎம் இரண்டும் தேவைப்படலாம்.

பைத்தானில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் விடை தசம எண்ணாக மாறித் துல்லியம் போய்விடும். முழுஎண் வகுத்தலுக்கு இரட்டைச் சாய்கோடு போடுங்கள். வர்க்கமூலத்துக்குச் சாதாரணக் கட்டளை வேண்டாம், முழுஎண் வர்க்கமூலம் தருகிற 'ஐஸ்க்யூஆர்டி'யைப் பயன்படுத்துங்கள். 3.11 பதிப்பிலிருந்து 4300 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணை எழுத்தாக மாற்றச் சொன்னால் பைத்தான் மறுத்துவிடும். பயந்துவிடாதீர்கள், அது ஒரு பாதுகாப்பு வரம்புதான். அமைப்பில் உயர்த்திக்கொள்ளலாம்.

இணையத்தில் காரணிப்படுத்தித் தரும் பக்கங்களும் உண்டு. பயிற்சிக்கு நல்லவை. ஆனால் உங்கள் குறியாக்கச் சாவியோடு தொடர்புள்ள எந்த எண்ணையும் அங்கே ஒட்டாதீர்கள்.

3. சின்னப் பகா எண்களைக் கழித்துவிடுங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன்னால் கையால் செய்யக்கூடிய வேலை இது. கடைசி இலக்கம் 9, எனவே 2-ம் 5-ம் இல்லை. இலக்கக் கூட்டுத்தொகை 45, எனவே 9-ஆல் வகுபடும். 123456789 ÷ 9 = 13717421. இதன் இலக்கக் கூட்டுத்தொகை 26, ஆக இனி 3 இல்லை.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்த்துவிடலாம். 7 × 11 × 13 = 1001 என்பதால், எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் போதும்: 789 − 456 + 123 = 456. இந்த 456-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் வகுத்தால் மீதி 5, 13-ஆல் வகுத்தால் மீதி 1. மூன்றும் இல்லை. இதேபோல 999 = 27 × 37 என்பதால், மும்மூன்று இலக்கத்தை வெறுமனே கூட்டினால் 37-க்கும் 27-க்கும் சோதனை கிடைத்துவிடும். 123 + 456 + 789 = 1368, மறுபடி 1 + 368 = 369. இது 37-ஆலும் வகுபடாது, 27-ஆலும் வகுபடாது.

இங்கே ஒரு பொறி. இலக்கக் கூட்டுத்தொகை விதி 3-க்கும் 9-க்கும் மட்டும்தான். 27-க்கு அதை நீட்டாதீர்கள். 1899-இன் இலக்கக் கூட்டுத்தொகை 27, ஆனால் 1899 = 9 × 211. அது 27-ஆல் வகுபடாது.

இன்னொரு பொறி, ஒரு பகா எண் வகுத்ததும் அடுத்ததற்குத் தாவிவிடுவது. அதே பகா எண்ணை வகுபடாமல் போகும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். 987654321-ஐ எடுங்கள். 9-ஆல் வகுத்தால் 109739369. 17-ஆல் வகுத்தால் 6455257. பலர் இங்கே 19-க்குப் போய்விடுவார்கள். ஆனால் 6455257 மறுபடியும் 17-ஆல் வகுபட்டு 379721 தருகிறது. அந்த இரண்டாவது 17-ஐ விட்டால் வகுத்திகளின் எண்ணிக்கை, கூட்டுத்தொகை எல்லாமே பிசகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகு 100 வரை, முடிந்தால் 1000 வரை உள்ள பகா எண்களால் கணினியில் வகுத்துப் பாருங்கள். 1000-க்குள் இருப்பவை 168 மட்டுமே. நம் 13717421 அத்தனையையும் தாண்டி நிற்கும்.

4. மிச்சம் பகா எண்ணா, பகு எண்ணா?

ஆயிரம் வரை ஒன்றும் வகுக்கவில்லை என்றதும் 'இது பகா எண்ணாகத்தான் இருக்கும்' என்று மனம் சொல்லும். கேட்காதீர்கள். அதற்காக நேரே காரணி தேடவும் போகாதீர்கள். உடைக்க முடியாத ஒன்றை உடைக்க முயன்று பொழுதைக் கழிப்பதைத் தவிர்க்க, முதலில் பகாச் சோதனை செய்யுங்கள். காரணி கண்டுபிடிப்பதைவிட அது பல மடங்கு மலிவு.

எளிய சோதனை ஃபெர்மாவுடையது. எண் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அந்த எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுக்க மீதி 1 வர வேண்டும் (2-ஐத் தவிர எல்லாப் பகா எண்களுக்கும் இது பொருந்தும்). 13717421-க்கு மீதி 1 வருவதில்லை. ஆகவே அது பகு எண் என்பது உறுதி, காரணி எது என்று இன்னும் தெரியாவிட்டாலும்.

எதிர்த்திசையில் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. 341 = 11 × 31 பகு எண். ஆனாலும் 2-ஐ வைத்துச் சோதித்தால் மீதி 1 வந்து பகா எண் போல நடிக்கும். 561 = 3 × 11 × 17 இன்னும் மோசம். தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் தப்பிவிடும். இப்படிப்பட்டவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். அவை முடிவில்லாமல் இருக்கின்றன.

அதனால் ஃபெர்மா சோதனையின் கடுமையான வடிவமான மில்லர்–ராபின் சோதனையைப் பயன்படுத்துங்கள். அடுக்குக்கு உயர்த்துவதற்கு எடுக்கும் எண்ணை (மேலே 2) அடியெண் என்போம். பகு எண் ஒன்று, ஏதோ ஒரு அடியெண்ணை எடுத்துச் செய்யும் சோதனையில் தப்பிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல் போகாது. தனித்தனியாக இருபது அடியெண்களால் சோதித்தால் லட்சம் கோடியில் ஒன்றுக்கும் கீழே. சிறிய எண்களுக்கு வாய்ப்புப் பேச்சே வேண்டாம். 2, 3, 5, 7 நான்கையும் தாண்டுகிற மிகச்சிறிய பகு எண் 3215031751 (151 × 751 × 28351). அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இந்த நான்கு அடியெண்களே முழு நிரூபணம். 2⁶⁴ வரை போக வேண்டுமானால் முதல் 12 பகா எண்கள், அதாவது 2 முதல் 37 வரை, போதும்.

5. உடைத்தல்

எந்த முறை வேகமானது என்று கேட்பதே தவறு. காரணிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் நொடியில் முடியும், அல்லது முடியவே முடியாது. அமைப்பு நமக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் பல முறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மலிவானதிலிருந்து தொடங்கி முயல வேண்டும்.

13717421-ஐ வகுத்து வகுத்துப் பார்த்தால் 504-ஆவது பகா எண்ணில்தான் விடை சிக்கும். அதையே ஃபெர்மாவின் வர்க்க வேறுபாட்டு முறையில் போடுவோம். எண்ணின் வர்க்கமூலம் 3703-க்கும் 3704-க்கும் நடுவில். மேலே உள்ள முழு எண்ணிலிருந்து தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்து, மிச்சம் ஒரு முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும்.

3704² = 13719616. கழித்தால் 2195. 46² = 2116, 47² = 2209. வர்க்கம் இல்லை.

3705² = 13727025. கழித்தால் 9604. இது 98².

ஆக, 13717421 = 3705² − 98² = (3705 − 98)(3705 + 98) = 3607 × 3803. இரண்டே படி. 500 வகுத்தல் செய்ய வேண்டிய இடத்தில் இரண்டு கழித்தலில் முடிந்துவிட்டது. இதை முதல்முறை கையால் போட்டுப் பார்க்கும்போது வருகிற மகிழ்ச்சியை யாரும் தவறவிடக் கூடாது. கணினியை மூடி வைத்துவிட்டு ஒருமுறை செய்யுங்கள். 9-ஐ எடுக்காமல் முழு எண்ணையே 11112-லிருந்து தொடங்கினாலும் நான்காவது படியில் 11115² − 294² என்று வந்துவிடும்.

இதனால் ஃபெர்மா முறைதான் சிறந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 3607-ம் 3803-ம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்ததால்தான் அது வேலை செய்தது. 2³² + 1 = 4294967297 என்ற எண்ணை எடுங்கள். அதன் காரணிகள் 641, 6700417. ஃபெர்மா முறையில் 65537-லிருந்து தொடங்கி 3350529 வரை ஏற வேண்டும், முப்பத்திரண்டு லட்சம் படிகளுக்கும் மேல். வெறுமனே வகுத்துப் பார்த்தால் 641 என்பது 116-ஆவது பகா எண், கண்ணிமைக்கும் நேரம். ஒரு எண்ணில் ஒரு முறை வெல்கிறது, அடுத்ததில் அதே முறை மண்ணைக் கவ்வுகிறது.

ஆகவே என் பரிந்துரை இது. முதலில் பத்து லட்சம் வரை வகுத்துப் பாருங்கள். பிறகு ஃபெர்மா முறையில் ஓரிரு ஆயிரம் படி. பிறகு போலார்டின் ரோ முறை. சிறிய காரணியின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் அதற்குப் படிகள் தேவை என்பதால் பத்து, பன்னிரண்டு இலக்கக் காரணிகளை எளிதாகப் பிடிக்கும். போலார்டின் இன்னொரு முறை, காரணியில் ஒன்று குறைத்தால் வரும் எண் சின்னச் சின்னக் காரணிகளாக உடையும்போது கைகொடுக்கும். 641-இல் ஒன்று குறைத்தால் 640 = 2⁷ × 5, அதற்கு இதைவிட வசதியான இரை இருக்க முடியாது. இவற்றுக்கும் மசியாவிட்டால் நீள்வட்ட வளைவு முறை. அதன் நேரம் எண்ணின் அளவைவிட, தேடுகிற காரணியின் அளவைத்தான் அதிகம் சார்ந்திருக்கும். அதன்பின் மிஞ்சுவதற்கு, ஏறத்தாழ 100 இலக்கம் வரை இருபடிச் சல்லடை, அதற்கு மேல் எண்புலச் சல்லடை. இவற்றை நீங்கள் எழுத வேண்டியதில்லை, யாஃபூ தானாகவே இந்த வரிசையில் முயலும். ஆனால் திரையில் என்ன ஓடுகிறது என்று புரிந்துகொள்ளவாவது இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கிளைவழியும் உண்டு. இரண்டு எண்களின் பொதுக் காரணி மட்டும் போதும் என்றால் காரணிப்படுத்தவே வேண்டாம். யூக்ளிட் முறையில் 987654321 − 8 × 123456789 = 9. இந்த 9 இரண்டாவது எண்ணை வகுக்கிறது. எனவே மீப்பெரு பொது வகுத்தி 9. ஒரே வரி. ஆயிரம் இலக்க எண்களுக்கும் இது நொடிக்குள் முடியும்.

6. காரணிகளுக்குச் சான்று வாங்குங்கள்

உடைத்தபின் இரண்டு சரிபார்ப்பு கட்டாயம். ஒன்று, திரும்பப் பெருக்கி மூல எண் வருகிறதா என்று பார்ப்பது. இரண்டு, ஒவ்வொரு காரணியும் பகா எண்தானா என்று உறுதிசெய்வது. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுவார்கள்.

3607-க்கு 59 வரை உள்ள 17 பகா எண்களாலும், 3803-க்கு 61 வரை உள்ள 18 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தால் போதும். அதுவே நிரூபணம். பெரிய காரணிகளுக்கு அப்படி முடியாது, சான்றிதழ் வேண்டும். அது எப்படி இருக்கும் என்பதை 3803-ஐ வைத்தே பாருங்கள்:

எண் 3803. ஒன்று குறைத்தால் 3802 = 2 × 1901. அடியெண் 2. 2³⁸⁰²-ஐ 3803-ஆல் வகுக்க மீதி 1. 2¹⁹⁰¹-ஐ வகுக்க மீதி 3802, அதாவது 1 இல்லை. 2² = 4, அதுவும் 1 இல்லை. 1901 பகா எண் (43 வரை உள்ள 14 பகா எண்களும் வகுக்கவில்லை).

அவ்வளவுதான். இந்த நான்கைந்து வரியை யாரிடம் கொடுத்தாலும், நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியாமலே அவர் சரிபார்த்துவிடலாம். பெரிய எண்களுக்கு நீள்வட்ட வளைவுகளை வைத்து இதேபோன்ற சான்றிதழைத் தயாரிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன.

பொறி: மென்பொருளோ பொதுத் தரவுத்தளமோ 'பிஆர்பி' என்று குறித்திருந்தால் 'பகா எண்ணாக இருக்கக்கூடும்' என்றுதான் பொருள். நிரூபிக்கப்பட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

7. காரணிகளிலிருந்து கிடைக்கும் பண்புகள்

இப்போது கையில் இருப்பது: 123456789 = 3² × 3607 × 3803.

வகுத்திகள் எத்தனை? ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 2 = 12. அவை 1, 3, 9, 3607, 3803, 10821, 11409, 32463, 34227, 13717421, 41152263, 123456789. முதலும் கடைசியும், இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் என்று ஜோடி ஜோடியாகப் பெருக்கினால் எப்போதும் மூல எண் வர வேண்டும். இது நல்ல சரிபார்ப்பு. எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் எண் ஒரு முழு வர்க்கம் என்று பொருள். 12 வந்திருப்பதால் இது இல்லை.

வகுத்திகளின் கூட்டுத்தொகை: (1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803) = 13 × 3608 × 3804 = 178422816. எண்ணையே கழித்தால் 54966027. இது எண்ணைவிடக் குறைவு, எனவே இது குறைவெண். சமமாக வந்தால் நிறைவெண், அதிகமாக வந்தால் மிகையெண்.

ஆய்லரின் ஃபை சார்பு, அதாவது 1 முதல் இந்த எண் வரை இதனோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்ற கணக்கு: 6 × 3606 × 3802 = 82260072. 3²-க்கு 6 எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள். 3 × 2 = 6. ஒவ்வொரு 3-க்கும் தனித்தனியாக 2 எடுத்து 2 × 2 = 4 என்று போடுவது மிகப் பரவலான தவறு. கூட்டுத்தொகையிலும் 1 + 3 + 9 = 13-க்குப் பதில் 4 × 4 = 16 போட்டுவிடுவார்கள். பகா எண் ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்கில் வந்தால் நிதானியுங்கள்.

அடுக்கு மீதிக் கணக்குகளுக்கு ஃபையைவிடச் சிறிய எண் ஒன்று போதும்: 6, 3606, 3802 மூன்றின் மீச்சிறு பொது மடங்கான 6855006. ஃபையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 123456789-ஓடு பொதுக் காரணி இல்லாத எதையும் அந்த அடுக்குக்கு உயர்த்தி 123456789-ஆல் வகுத்தால் மீதி 1. கார்மைக்கேல் சார்பு என்று இதைத் தேடினால் கிடைக்கும்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. ஒற்றைப்படை எண் 4-ஆல் வகுத்து மீதி 1 தந்தால் எழுதலாம் என்று பாதி நினைவில் இருப்பவர்கள் சொல்வார்கள். 123456789, 987654321 இரண்டும் மீதி 1 தருகின்றன. இரண்டும் முடியுமா? அந்த விதி பகா எண்களுக்கு மட்டும். பகு எண்ணுக்கு, 4-ஆல் வகுத்து மீதி 3 தரும் ஒவ்வொரு பகாக் காரணியும் இரட்டைப்படை அடுக்கில் இருக்க வேண்டும். 3607, 3803 இரண்டுமே மீதி 3 தருபவை, அடுக்கு 1. எனவே 123456789 முடியவே முடியாது. 987654321 = 3² × 17² × 379721. 3-இன் அடுக்கு 2, பரவாயில்லை. 17, 379721 இரண்டும் மீதி 1. எனவே முடியும். 379721 = 611² + 80². இரண்டையும் 51-ஆல் பெருக்க, 987654321 = 31161² + 4080². பார்வைக்கு ஒன்றையொன்று திருப்பிப்போட்ட எண்கள், உள்ளே இவ்வளவு வேறுபாடு.

மூன்று வர்க்கங்கள் என்றால் காரணிகளே வேண்டாம். 123456789-ஐ 8-ஆல் வகுக்க மீதி 5. மீதி 7 வருபவையும், அவற்றை 4-இன் அடுக்குகளால் பெருக்கியவையும் தவிர மற்ற எல்லா எண்களையும் மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். நான்கு வர்க்கங்கள் எந்த எண்ணுக்கும் போதும்.

வர்க்கங்களின் வேறுபாடாக எழுதும் வழிகள்: ஒற்றைப்படை எண்ணுக்கு ஒவ்வொரு வகுத்தி ஜோடிக்கும் ஒன்று. இங்கே ஆறு. அதில் ஒன்றைத்தான் ஐந்தாம் படியில் பார்த்தோம்.

8. இலக்கம் சார்ந்தவற்றைத் தனியே வையுங்கள்

இலக்கக் கூட்டுத்தொகை, திருப்பி எழுதினால் என்ன ஆகும் என்பவை எண்ணின் பண்புகள் அல்ல, அதைப் பத்தடிமானத்தில் எழுதியதன் பண்புகள். குறிப்பில் தனிப் பகுதியில் எழுதுங்கள். இரும முறையில் இதே எண் 111010110111100110100010101. மொத்தம் 27 இலக்கம், அதில் 16 ஒன்றுகள். 2²⁶ = 67108864, 2²⁷ = 134217728, நம் எண் நடுவில் இருப்பதால் 27 சரிதான். பதினாறடிமானத்தில் இதை எழுதும்போது பத்து முதல் பதினைந்து வரையான இலக்கங்களுக்கு எழுத்துகள் வரும், நகலெடுக்கையில் கவனம்.

சில சமயம் இலக்கமும் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். 1 முதல் 9 வரை ஒவ்வொன்றையும் ஒருமுறை வைத்து எழுதும் 362880 எண்களில் ஒன்றுகூடப் பகா எண் இல்லை. எப்படி மாற்றி எழுதினாலும் கூட்டுத்தொகை 45, 9-ஆல் வகுபட்டே தீரும்.

9. எவ்வளவு நேரம் ஆகும்?

நொடிக்கு ஒரு கோடி வகுத்தல் செய்யும் நிரல் என்று வைத்துக்கொள்வோம். வர்க்கமூலம் வரை பகா எண்களால் வகுத்துப் பார்ப்பதானால், 20 இலக்க எண்ணுக்கு 45 கோடிக்குச் சற்று அதிகமான பகா எண்கள், முக்கால் நிமிடம். 30 இலக்கத்துக்கு ஏறத்தாழ 35 நாள். 40 இலக்கத்துக்கு ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டு. பத்துப் பத்து இலக்கம் கூடும்போது நேரம் இப்படித்தான் பாயும். 'இரவு முழுக்க ஓடட்டும்' என்று விட்டுவைப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

நல்ல முறைகளில் அதே 40 இலக்க எண் சாதாரணக் கணினியில் சில நொடிதான். 100 இலக்கம் என்றால், கணினியின் வலுவைப் பொறுத்து நிமிடங்களிலிருந்து மணிக்கணக்கு வரை. அதற்கு மேல் வட்டில் இடமும் நினைவகமும் சேர்ந்தே தேவைப்படும். இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கமான ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண்ணை 2020 பிப்ரவரியில் உடைத்தார்கள். அதற்கு ஏறத்தாழ 2700 கோர்-ஆண்டு கணிப்பு நேரம் பிடித்தது. ஒரே ஒரு செயலிக் கோர் தனியாக ஓடியிருந்தால் அத்தனை ஆண்டு.

பகாச் சோதனையோ வேறு கணக்கு. 1000 இலக்க எண்ணுக்கும் மில்லர்–ராபின் ஒரு சுற்று ஒரு நொடிக்குள் முடியும். சான்றிதழ் தயாரிக்க அதைவிடப் பல மடங்கு ஆகும். 'பகு எண் என்று தெரியும், காரணி தெரியாது' என்ற நிலையில் நின்றுபோவது பெரிய எண்களில் சகஜம். அப்படியே எழுதி வையுங்கள், அதுவும் ஒரு முடிவுதான்.

10. எழுதி வைக்க வேண்டியவை

ஒரு எண்ணுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எண், இலக்க எண்ணிக்கை, தேதி, மென்பொருளின் பெயரும் பதிப்பும், எந்த முறை எதுவரை ஓடியது, கிடைத்த காரணிகள், ஒவ்வொன்றும் நிரூபிக்கப்பட்டதா, சான்றிதழ்க் கோப்பு எங்கே இருக்கிறது. கிடைக்காததையும் எழுதுங்கள்: 'பத்து லட்சம் வரை வகுத்தாயிற்று, ஒன்றும் இல்லை'. இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்து அதே வேலையை மறுபடி முதலிலிருந்து செய்வீர்கள்.

தேடத் தொடங்கும் முன் ஃபேக்டர்டிபி தரவுத்தளத்தில் எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். எண் ஏதாவது புகழ்பெற்ற வரிசையில் வருகிறதா என்று அறிய ஓஇஐஎஸ் கலைக்களஞ்சியம் இருக்கிறது. அங்கிருந்து எடுத்த காரணியையும் ஒருமுறை பெருக்கிப் பார்த்தே பக்கத்தில் சேருங்கள்.

11. பயிற்சிக்கு

987654321-ஐ இதே வரிசையில் முழுவதும் செய்து பாருங்கள். 379721 பகா எண் என்பதை நிரூபிக்க 613 வரை உள்ள 112 பகா எண்கள் போதும். வகுத்திகள் 18 வர வேண்டும். கூட்டுத்தொகை 13 × 307 × 379722 = 1515470502, ஃபை 6 × 272 × 379720 = 619703040. வகுத்திகள் 12 என்று வந்தால், மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய் இரண்டாவது முறையும் 17-ஆல் வகுத்துவிட்டு வாருங்கள். அது முடிந்ததும் 2⁶⁷ − 1 = 147573952589676412927-க்குப் போகலாம். அதன் சிறிய காரணிக்கு ஒன்பது இலக்கம். வகுத்துப் பார்த்தால் நேரம் பிடிக்கும், ரோ முறையில் உடனே விழும். கிடைத்த இரண்டு காரணிகளையும் கையால் ஒருமுறை பெருக்கிப் பாருங்கள்.